ராஜா புரூக்கைப் பார்க்க வேண்டுமா? கோப்பெங்கில் ஓர் இரவு தங்குங்கள்

நீங்கள் கேட்டது இது: குடும்பத்தோடு பத்து நாள் மலேசியா போகிறீர்கள். கோலாலம்பூர், கேமரன் மலை, பினாங்கு என்று திட்டம் போட்டாயிற்று. சிறுவயதில் ஒரு தபால்தலையில் பார்த்ததிலிருந்து ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியை நேரில் பார்க்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. ஒரு நாள் மட்டுமே ஒதுக்க முடியும். எங்கே போவது, எப்போது போவது, வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பார்த்தால் போதாதா, ஒன்பது வயது மகளையும் அழைத்துப் போகலாமா?

அந்த ஒரு நாளை ஓர் இரவாகவும் அடுத்த நாள் காலையாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். கேமரன் மலையிலிருந்து பினாங்கு போகும் வழியில் பேராக் மாநிலத்தின் கோப்பெங் ஊரிலோ, அதை ஒட்டிய மலையடிவாரத்தில் உள்ள உலு கெரோ கிராமத்திலோ இரவு தங்குங்கள். காலை எட்டரை மணிக்குள் அங்குள்ள வெந்நீர் ஊற்றங்கரையில் உட்கார்ந்துவிடுங்கள். வெயில் அடித்தால் பார்த்துவிடுவீர்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். இவ்வளவு துணிந்து சொல்லக்கூடிய அரிய வண்ணத்துப்பூச்சிகள் உலகில் அதிகம் இல்லை. காரணம் அதன் ஆண்களின் ஒரு பழக்கம். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில் எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினைந்து முதல் பதினேழு சென்டிமீட்டர். அளவில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்னிந்தியப் பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சிக்கு ஏறக்குறைய சமம்தான். ஆனால் அதன் பின்னிறக்கை மஞ்சளை மறந்துவிடுங்கள். இதன் இறக்கைகள் நீண்டு, குறுகி, முனை கூர்ந்திருக்கும். ஆழ்ந்த கருப்பு. அந்தக் கருப்பின்மேல் முன்னிறக்கையின் நுனி வரைக்கும் வரிசையாக முக்கோணப் பச்சைப் பற்கள். கழுத்தில் குங்குமச் சிவப்பில் ஒரு பட்டை. கோயில் வாசலில் வாழைமரத் தோரணத்துக்கு நடுவே மாவிலையை ஒரே அளவில் வரிசையாகச் செருகியிருப்பார்களே, அந்த ஒழுங்கு அந்தப் பச்சையில் இருக்கும்.

அந்தப் பச்சை சாயத்தால் மட்டும் வந்ததன்று. இறக்கைச் செதில்களின் நுண்ணிய வரம்புகள் ஒளியைக் குறிப்பிட்ட திசையில் திருப்பி அனுப்புகின்றன. அதனால் ஒரு கோணத்தில் தளிர்ப்பச்சையாகவும், சாய்ந்த கோணத்தில் நீலம் கலந்த பச்சையாகவும் தெரியும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் அணைந்தே போகும். புகைப்படம் எடுக்கும்போது இது முக்கியம். பின்னால் சொல்கிறேன்.

இதற்குப் பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1854 நவம்பரில் அவர் போர்னியோத் தீவில் உள்ள சரவாக் வந்தார். அப்போது சரவாக்கை ஆண்டவர் ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர். 1841இல் 'ராஜா' பட்டம் பெற்றவர். அவர் வாலஸுக்கு ஆதரவாக இருந்தார், அந்த நன்றிக்கு 1855இல் இந்தப் பூச்சிக்கு அவர் பெயரைச் சூட்டினார் வாலஸ். இங்கே நான் எப்போதும் நினைத்துப் பார்க்கும் செய்தி ஒன்று உண்டு. சிமுஞ்ஜான் ஆற்றுப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காடு வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் வாலஸ் பல மாதம் தங்கினார். பூச்சி கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு ஒன்றுக்கு ஒரு சென்ட் கொடுத்தார். போர்னியோவில் அவர் சேர்த்த வண்டினங்கள் மட்டும் இரண்டாயிரம் வகை, அவற்றில் பெரும்பாலானவை அந்த ஓரிடத்திலிருந்தே கிடைத்தவை. அப்பேர்ப்பட்ட சேகரிப்பாளருக்கு ராஜா புரூக் கிடைத்தது இரண்டோ மூன்றோதான். வெட்டவெளியில் வேகமாகப் பறந்துபோகும், எப்போதாவது சேற்றுப் பள்ளத்தில் ஒரு நொடி உட்காரும், அவ்வளவுதான் என்று எழுதினார்.

அந்தச் 'சேற்றுப் பள்ளம்' என்ற சொல்லில்தான் விடை ஒளிந்திருக்கிறது. வாலஸ் தேடிய இடத்தில் அது வந்துபோகிற பூச்சி. அது கூடி உட்காரும் இடம் வேறு. அந்த இடத்தைத் தெரிந்தவர்களுக்கு இது அரிய பூச்சியே இல்லை. பத்து, இருபது, சில நாள் அதற்கும் மேல் ஒரே மணல்திட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஏன் கூடுகிறது என்று பார்ப்போம். மழைக்காட்டுச் செடிகளின் இலையில் சோடியம் மிகக் குறைவு. புழுவாக இருந்தபோது இலையை மட்டும் தின்று வளர்ந்த ஆண், பறக்கத் தொடங்கியதும் அந்தக் குறையை ஈடுகட்ட ஈரமண்ணைத் தேடிப்போய் உப்பை உறிஞ்சுகிறது. கல்லாறு, சிறுவாணிப் பக்கம் ஆற்றங்கரை மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கொத்தாக உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'மட் பட்லிங்' என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான். ஒருபக்கம் நீரை உறிஞ்சிக்கொண்டே மறுபக்கம் துளித்துளியாக வெளியே பீச்சும். தண்ணீர் வெளியே போய்விடும், உப்பு உடம்பில் தங்கும். அப்படிச் சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. அது முட்டைக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு வகையில் சீர்வரிசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாதாரண ஆற்று மணலுக்குப் பதிலாக வெந்நீர் ஊற்று கசியும் மணலை நினைத்துப் பாருங்கள். பூமிக்குள்ளிருந்து தாதுக்களைக் கரைத்துக்கொண்டு வரும் நீர். ராஜா புரூக் ஆண்களுக்கு இதைவிட நல்ல பந்தி கிடையாது. மலேசியத் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் இத்தகைய ஊற்றுகள் உள்ளன. பேராக்கில் ராஜா புரூக் எளிதாகத் தெரிவதற்கும் போர்னியோக் காட்டில் வாலஸ் ஏங்கியதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. தீபகற்பத்தில் வாழும் இந்த வகையை 1895இல் விலங்கியலாளர் ரோத்ஸ்சைல்டு தனித் துணையினமாகப் பிரித்தார்.

ஆகவே பூச்சியைத் தேடாதீர்கள், ஊற்றைத் தேடுங்கள். காட்டுப்பாதையில் நான்கு மணி நேரம் நடந்து, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

உலு கெரோவுக்கு வருகிறேன். கோப்பெங், ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத்தால் செழித்த ஊர், இப்போது அமைதியாக இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் உள்ள வட்டாரம், காலையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கும் சாப்பிட்டுக்கொண்டே தமிழில் வழி கேட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பினால் பாதை குறுகி, ஏற்றமாகி, மரங்கள் நெருங்கும். உலு கெரோ செமாய் மக்களின் கிராமம். ஓராங் அஸ்லி என்று மலேசியாவில் சொல்லப்படும் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர் அவர்கள்.

இந்தக் கிராமத்தைப் பற்றி ஊருக்குப் போகும் முன்பே உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். முன்பு இந்த மலைகளில் ராஜா புரூக்கைப் பிடித்து விற்பது ஒரு வருமானம். சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசி குத்தி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பார்கள். அதே காட்டில் ரஃப்லேசியா என்ற பெரும்பூ பூக்கிறது. அதன் மொட்டையும் மருந்துக்காகப் பறித்து விற்றார்கள். பிறகு மலேசிய இயற்கைக் கழகம் இங்கே வந்து கிராமத்தாரோடு பல காலம் வேலை செய்தது. கிராமத்தார் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, வழிகாட்டிகளாகவும் காவலாகவும் மாறினார்கள். பூச்சியைப் பிடித்து விற்றால் ஒருமுறை காசு. அதே பூச்சியைக் காட்டினால் நாளைக்கும் காசு. செமாய் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். நீங்கள் கொடுக்கும் கட்டணம்தான் அந்த ஊற்றைக் காக்கிறது. பேரம் பேச வேண்டாம். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். கிராமத்திலேயே எளிய தங்குமிடமும் கிடைக்கும்.

இன்னோர் இடம் குவாலா வோ. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், தாப்பாவை விட்டுப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வரும். ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று, சுற்றிலும் காடு. ராஜா புரூக்குக்குப் பேர்போன இடம்தான். ஆனால் குளிக்க வரும் கூட்டம் அதிகம், வார இறுதியில் சந்தைக்கடை மாதிரி இருக்கும். கேமரன் மலைக்கு ஏறும் அன்று காலையில் தாப்பா வழியாகப் போகிறீர்கள் என்றால், வேலைநாளாக இருந்தால், ஓர் ஒத்திகையாக அங்கே நிறுத்திப் பாருங்கள். கேமரன் மலையின் உச்சியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தேடிப் பயனில்லை. அடிவாரக் காடும் ஊற்றும் சேர்ந்த இடம்தான் இதற்கு வேண்டும். சரவாக்கில் குனுங் முலு தேசியப் பூங்காவிலும் இது பறக்கிறது. அது தனிப் பயணம், உங்கள் பத்து நாளுக்குள் அடங்காது.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். நானும் முதல் முறை இங்கேதான் தோற்றேன். கேமரன் மலையில் தங்கி, விடுதியில் சாவகாசமாகக் காலை உணவு முடித்து, விடுதிக்காரர்கள் ஏற்பாடு செய்த வண்டியில் இறங்கினோம். "மத்தியானம் போனாலும் இருக்கும்" என்று ஓட்டுநர் சொன்னார், நம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கோப்பெங் வந்து, ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மணலில் கால்தடங்கள் இருந்தன. ஓரமாக ஒரு கிழிந்த இறக்கை கிடந்தது, பச்சை இன்னும் மங்காமல். அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. ஐயாயிரம் ரூபாய் செலவை விட, இன்னொரு முறை வர எத்தனை வருடம் ஆகுமோ என்ற எண்ணம்தான் அன்று தாங்க முடியாததாக இருந்தது. மூன்று வருடம் ஆயிற்று.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஆனால் அங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எழும். பள்ளத்தாக்குக்குள் மலை மறைப்பதால் வெயில் ஊற்றுமேல் விழ இன்னும் நேரமாகும். எட்டரை மணிக்கு முதல் ஆண் வரும். ஒன்பதரை முதல் பதினொன்று வரை நிறைவான நேரம். பன்னிரண்டைத் தாண்டினால் குறையும், பிற்பகலில் பெரும்பாலும் மேகம் கூடி மழை. ஆக, உங்கள் கையில் இருப்பது மூன்று மணி நேரம்தான். கேமரன் மலையில் காலை எட்டுக்குக் கிளம்பினால் இந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். ஓர் இரவு கீழே தங்குங்கள் என்று தலைப்பிலேயே சொன்னது இதற்காகத்தான்.

போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வது? உட்காருங்கள். ஊற்றுக்கு ஏழெட்டு அடி தள்ளி, உங்கள் நிழல் மணலில் விழாதபடி. முதல் பூச்சி வந்தவுடன் கிட்டப் போகாதீர்கள். அது மேலே வட்டமிடும், தாழும், மீண்டும் எழும், மரத்தைச் சுற்றி வரும். பத்து நிமிடம் கழித்து உட்காரும். ஒன்று உட்கார்ந்துவிட்டால் மற்றவற்றுக்கு அதுவே அழைப்பு. மேலே பறந்துபோகும் ஆண்கள் கீழே கருப்பும் பச்சையும் கண்டு இறங்கிவரும். ஐந்தாறு சேர்ந்தபிறகு அவற்றின் அச்சம் போய்விடும், நீங்கள் மெல்ல மெல்ல நகர்ந்து கையெட்டும் தூரம் வரை போகலாம். முதல் பூச்சியை விரட்டியவர் அன்றைய கூட்டத்தையே விரட்டியவர். ஒருமுறை எங்களோடு வந்த ஒருவர் முதல் பூச்சியின் பின்னாலேயே கேமராவோடு ஓடினார். அரை மணி நேரம் எல்லோரும் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் இரண்டாவது பயணத்தில் வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க செமாய் மனிதர். "பாக் சிக்" என்றுதான் கூப்பிட்டேன், மலாயில் மாமா மாதிரியான மரியாதைச் சொல். மலாயில் வண்ணத்துப்பூச்சிக்கு 'ராம ராமா' என்று பெயர். அவர் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னபோது என் காதில் ஒரு பாட்டி சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவது மாதிரி விழுந்தது. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். பேசவில்லை. நாற்பது நிமிடம். பிறகு கண்ணால் மட்டும் மேலே காட்டினார். இரண்டு ஆண்கள் ஓடையின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, வௌவால் மாதிரி அகலமாக, சிறு பறவை மாதிரி உறுதியாக இறக்கையடித்து வந்துகொண்டிருந்தன. வெயில் பட்டபோது பச்சை எரிந்தது, நிழலில் நுழைந்தபோது முழுக்கக் கருத்தது, மறுபடி எரிந்தது. பத்தே காலுக்கு மணலில் பதினேழு எண்ணினேன். எண்ணி முடித்தபிறகுதான் என் கை நடுங்குவதைக் கவனித்தேன்.

படம் எடுப்பவருக்குச் சில சொற்கள். மேக்ரோ லென்ஸை விட நானூறு மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸ்தான் இங்கே உதவும். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும், அப்படியும் பாதி தவறும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். முன்பு சொன்ன அந்தப் பச்சை கோணம் பார்த்து ஒளிரும் பச்சை, எதிர்வெயிலில் எடுத்தால் கருப்புத்துணி மாதிரி வரும். உட்கார்ந்திருக்கும் பூச்சி இறக்கையை மூடித் திறக்கும் நொடிக்காகக் காத்திருங்கள். கருப்பு இறக்கை கேமராவின் மீட்டரை ஏமாற்றும், பச்சை வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் அரைமணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள். இதை நான் உளமாரச் சொல்கிறேன். கண்ணால் பார்த்த நினைவு என்னிடம் இருக்கிறது. முதல் நாள் எடுத்த படங்களை நான் இப்போது திறப்பதே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களைப் பற்றி. பெண்ணைப் பார்ப்பதுதான் உண்மையான தேட்டம். ஊற்றங்கரையில் நூறு ஆண்களைப் பார்த்தவர்கள்கூட ஒரு பெண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் பெண்களின் எண்ணிக்கையே குறைவு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவை மணலுக்கு வராததால் நம் கண்ணில் படுவதில்லை என்பதே சரியான விளக்கம். அவற்றுக்கு வேண்டிய உப்பு ஆண் வழியாகக் கிடைத்துவிடுகிறது. பெண் காட்டின் மேல்தட்டிலும் மலைச்சரிவிலும் பூக்களையும், முட்டையிடக் கொடியையும் தேடி அலைகிறது. உருவத்தில் சற்றுப் பெரியது, நிறத்தில் அடக்கமானது. பழுப்பு ஓடிய கருப்பு, மங்கிய பச்சை, முன்னிறக்கை முனையில் வெள்ளைக் கீற்றுகள். ஊற்றில் உங்கள் ஆசை தீர்ந்த பிறகு, பத்தரை மணிக்கு மேல், கீழே பார்ப்பதை விட்டுவிட்டு எதிர்ச்சரிவில் பூத்திருக்கும் மரத்தைப் பைனாகுலரில் பாருங்கள். என் மூன்றாவது பயணத்தில் அப்படித்தான் கிடைத்தது. ஆண்போல் அவசரமில்லை. ஒரு பூங்கொத்தின்மேல் இறக்கை துடித்தபடியே நின்று தேன் குடித்து, அடுத்த கொத்துக்கு நகர்ந்தது. நான்கு நிமிடம் பார்த்தேன்.

அந்தக் கொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நமக்கு அது சொந்தக்காரச் செடி. ராஜா புரூக்கின் புழு தின்பது அரிஸ்டோலோக்கியா பேரினத்துக் காட்டுக்கொடி. நம் ஊரில் ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை என்று சொல்வது அதே பேரினத்துச் செடிகளைத்தான். ஆடுகூடத் தீண்டாத அந்த நஞ்சைப் புழு உண்டு, உடம்பில் சேர்த்துவைத்து, பூச்சியான பிறகும் சுமக்கிறது. தோட்டத்தில் பறக்கும் ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் செய்வது இதைத்தான். சிவப்பு, 'என்னைத் தின்னாதே' என்று பறவைகளுக்குக் காட்டும் அடையாளம். ராஜா புரூக்கின் சிவப்புக் கழுத்துப்பட்டையைப் பார்க்கும்போது உங்கள் வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளின் பெரியப்பாவைப் பார்ப்பதாகவே மகளிடம் சொல்லலாம், உறவு அவ்வளவு நெருக்கம். இதன் சொந்தத் தம்பி ஒன்றும் உண்டு. பிலிப்பைன்ஸின் பலாவான் தீவில் மட்டும் வாழ்கிறது. இந்தப் பேரினத்தில் உலகிலேயே இந்த இரண்டு இனங்கள்தான்.

பூங்காவில் பார்த்தால் போதாதா என்று கேட்டீர்கள். பினாங்கில் தெலுக் பஹாங் பகுதியில் 1986 முதல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை நடக்கிறது, இப்போது என்டோபியா என்று பெயர். கோலாலம்பூரிலும் ஒரு பூங்கா உண்டு. இரண்டையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். மழை பெய்து உலு கெரோ கைவிட்டால் பினாங்குப் பண்ணை உங்களுக்குக் கைகொடுக்கும், குழந்தைகளுக்குக் கூட்டுப்புழுவை அருகிலிருந்து காட்ட அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் வலைக்கூரைக்குக் கீழே சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் ராஜா புரூக்கும், ஓடையின் வளைவைச் சுற்றிக்கொண்டு உங்களை நோக்கி வரும் ராஜா புரூக்கும் ஒன்றாகிவிடாது. முதலில் காடு, பிறகு பண்ணை என்ற வரிசையில் போங்கள். உங்கள் வழித்தடமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கடைகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் விற்பதை வாங்காதீர்கள். பண்ணையில் வளர்த்தது என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தும் அழிவாபத்து உயிரின வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. மலேசியாவிலும் இது சட்டத்தால் காக்கப்பட்ட இனம். ஏற்றுமதி அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் மட்டுமல்ல, வழக்கும் வரலாம். இந்தியாவிலும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. மணலில் கிடக்கும் உதிர்ந்த இறக்கையையும் அங்கேயே விட்டுவிடுங்கள். நான் அன்று எடுத்துப் பார்த்த இறக்கையையும் அப்படித்தான் விட்டு வந்தேன்.

பருவம் பற்றி: ஆண்டு முழுவதும் பறக்கும். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். நீங்கள் பள்ளி விடுமுறையில், மே மாதத்தில் போவதானால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான மழை பிற்பகலில்தான். இரவு முழுக்க மழை பெய்து ஓடை பெருகியிருந்தால் மட்டும் மணல் மூழ்கி, கூட்டம் கூடாது. அதற்காகத்தான் முடிந்தால் இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்பேன். பினாங்கில் ஒரு நாள் குறைந்தால் குடிமுழுகிப் போகாது.

மகளை அழைத்துப் போகலாமா என்றால், கட்டாயம் அழைத்துப் போங்கள். நடை அதிகமில்லை, ஆனால் வழுக்கும். அட்டை உண்டு, நீண்ட காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிவிடுங்கள். வாசனை பூசும் கொசு மருந்தை ஊற்றுப் பக்கத்தில் அடிக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஒரு வேறுபாட்டை நான் கண்டதில்லை. அசைவுதான் கெடுக்கும். நாற்பது நிமிடம் ஒன்பது வயதுப் பிள்ளை அசையாமல் உட்காருமா என்ற உங்கள் கவலைக்கு ஒரு வழி உண்டு. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொரு ஆண் வந்து உட்காரும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பச்சைப் பற்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். வியர்த்த கையை மணலுக்குப் பக்கத்தில் நீட்டி வைக்கச் சொல்லுங்கள். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி சிலநேரம் கையிலேயே வந்து உட்கார்ந்து உறிஞ்சும். உட்கார்ந்தால், அது தானாக எழும்வரை கையை எடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.